தலைக்கு இவ்வளவு என்று வாடகை பேசினால் ஊரில் வீடு எங்கே இருக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமங்களில் வீட்டு வாடகை ஏறி வருவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஊர்களில் வாடகைப் பணம் தாராளமாகப் புழங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பணத்தை எண்ணி வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. ஐந்து போர்ஷன் கொண்ட ஒரு லைன் வீடு எனக்கு இருக்கிறது. பணம் புழங்குவது உண்மைதான். ஆனால் எங்கள் ஊரில் கட்டடம் கூடக் கூட வீடு குறைந்துகொண்டே போகிறது. பஸ் ரோட்டில் நின்று பார்த்தால் இது தெரியாது. சந்துக்குள் வந்து பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர் ஆந்திராவில், திருப்பதி மாவட்டம் சத்தியவேடு மண்டலத்தில் இருக்கிறது. ஊத்துக்கோட்டையும் கும்மிடிப்பூண்டியும் எங்களுக்கு சந்தைக்குப் போகிற தூரம். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, இப்போது கடைத்தெருவில் இந்தி. எங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா என்று எழுதியிருக்கும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லையை மாற்றியபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். பிறகு சித்தூர் மாவட்டமாக இருந்தோம். 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். உட்கார்ந்த இடத்திலேயே மூன்று மாவட்டம் பார்த்தாயிற்று.

பழங்கதை பேசுவதாக நினைக்க வேண்டாம். வாடகைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், தாய்ப் பத்திரம் தமிழில் இருக்கிறதே, மாவட்டம் வேறாக இருக்கிறதே, சர்வே நம்பர் ஒத்துப்போகவில்லையே என்று ஆறு மாதம் இழுப்பார்கள். பஞ்சாயத்து பிளான் அப்ரூவல் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதனால் எங்கள் பக்கத்து லைன் வீடுகளில் முக்கால்வாசி நகைக்கடனிலும், சீட்டு எடுத்த பணத்திலும், டுவாக்ரா என்கிற மகளிர் குழுக் கடனிலும் எழுந்தவை. வட்டி மாதா மாதம் கழுத்தைப் பிடிக்கும். அப்படிக் கட்டின கட்டடம் முதல் மாதமே சம்பாதித்தாக வேண்டும். எங்கள் ஆட்கள் பேராசைக்காரர்கள் என்று வெளியே இருப்பவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

2008-க்கு முன்னால் எங்கள் ஊரில் வாடகை வீடு என்று ஒன்று கிடையாது. வெளியூர் வாத்தியார் மாற்றலாகி வந்தால் யாராவது திண்ணையை ஒட்டின அறையை ஒழித்துக் கொடுப்பார்கள். கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள். அந்த வருடம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை ஆரம்பித்தது. சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் மேட்டு நிலம், முந்திரித் தோப்பு, மேய்ச்சல் நிலம் என்று இருந்ததெல்லாம் வேலிக்குள் போனது. சாக்லேட், செல்போன், மெட்ரோ ரயில் பெட்டி, ஏசி என்று ஒவ்வொன்றாக வந்தன. 2016-இல் இசுசு வண்டித் தொழிற்சாலை திறந்தார்கள். ஷிப்ட் விடும் நேரத்தில் சூளூர்ப்பேட்டை பக்கமும் கும்மிடிப்பூண்டி பக்கமும் வரிசையாகக் கம்பெனி பஸ்கள் போகும். அதில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். தொழிற்சாலை வந்ததைக் குறை சொல்ல மாட்டேன். என் மகளே அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

என் வீட்டுக்காரர் கொத்து வேலை மேஸ்திரி. 2013-இல் எங்கள் லைனை அவரே கட்டினார். ஒவ்வொரு போர்ஷனுக்கும் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை, ஆறுக்கு எட்டில் சமையலறை, பின்னால் தனிக் குளியலறை, தனிக் கக்கூஸ். மேலே காங்கிரீட். சமையல் மேடைக்குக் கடப்பா கல் போட்டு, ஓரத்தில் அம்மி வைக்க ஒரு சின்னத் திட்டு. ஒரு குடும்பம் வந்து பாலைக் காய்ச்சிக் குடியேறினால் என்னென்ன வேண்டும் என்று யோசித்துக் கட்டியது. அன்றைக்கு வாடகை 1,800 ரூபாய். அட்வான்ஸ் மூன்று மாதம். ஸ்ரீகாகுளத்திலிருந்து ஒரு குடும்பம், ஓங்கோல் பக்கத்துப் புதுத் தம்பதி, திருவள்ளூரிலிருந்து ஓர் அம்மாவும் வேலைக்குப் போகும் இரண்டு பெண்களும். பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்ந்தார்கள். ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுத்தார்கள்.

பிறகு ஆள் சப்ளை செய்கிற காண்ட்ராக்டர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் வாசலில் நின்றபடியே கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "அக்கா, வாடகை எவ்வளவுன்னு நான் கேக்கல. எத்தனை பேரைப் படுக்க வைக்கலாம், அதச் சொல்லுங்க."

கணக்கைப் பாருங்கள். இன்றைக்கு என் போர்ஷனுக்குக் குடும்பம் கொடுக்கும் வாடகை 4,500. காண்ட்ராக்டர் தலைக்கு 1,300 கொடுக்கிறார். எட்டுப் பேரை அடைத்தால் 10,400. பகல் ஷிப்ட் எட்டுப் பேர், ராத்திரி ஷிப்ட் எட்டுப் பேர் என்று ஒரே பாயை மாற்றி மாற்றிப் போட்டால் கணக்கு இன்னும் மேலே போகும். காண்ட்ராக்டர் அந்தப் பையன்களிடம் பிடிப்பது தலைக்கு எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார். ஒரே கையில் மொத்த லைனுக்கும் பணம் வருகிறது. ஒன்றாம் தேதி தவறுவதில்லை. குழாய் ஒழுகுகிறது, சுவரில் ஓதம் ஏறுகிறது என்று யாரும் கதவைத் தட்டுவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு லெட்டர் கொடுங்கள் என்று கேட்பதில்லை. எந்த வீட்டுக்காரர் வேண்டாம் என்பார்?

என் தெருவிலேயே நான்கு லைன்கள் அப்படி மாறிவிட்டன. மாறும்போது முதலில் என்ன போகும் தெரியுமா? சமையல் மேடை. அது இருந்த இடத்தில் இரண்டு பாய் விரிக்கலாம். எதிர்வீட்டு லைனில் மேடையை உடைத்தபோது கடப்பா கல்லை முழுசாகக் கழற்றி எடுத்தார்கள். நல்ல கல், ஒரு விரிசல் இல்லை. இப்போது அது வெளியே போர் குழாய்ப் பக்கத்தில் துவைக்கிற கல்லாகக் கிடக்கிறது. அடுப்புச் சூடு பட்டுப் பட்டு வெளுத்த வட்டம் இன்னும் அதில் தெரியும். அதன்மேல் பையன்கள் கம்பெனி டீசர்ட்டைப் போட்டுத் தேய்க்கிறார்கள்.

மேடை போனால் அந்த அறைக்குள் இனி எந்தக் குடும்பமும் வராது. நாளைக்குக் காண்ட்ராக்டர் போய்விட்டாலும் வராது. இரண்டு வருடமாகப் புதிதாக எழுகிற லைன்களில் சமையலறை என்ற பேச்சே இல்லை. ஐந்து சென்டில் பதினாறு அறை, ஹாலோ பிளாக் சுவர், மேலே சிமெண்ட் ஷீட், கடைசியில் மூன்று கக்கூஸ். என் வீட்டுக்காரர் இப்படிப்பட்ட வேலைகளையும் எடுத்துச் செய்கிறார். சம்பளம் யார் கொடுத்தாலும் சம்பளம்தானே. ஆனால் அவர் அதை வீடு என்று சொல்ல மாட்டார். ஷெட் என்பார்.

இதனால் யாருக்கு இடமில்லாமல் போனது என்று கேட்டால், எங்களுக்குத்தான். என் அண்ணன் மகன் டிப்ளமோ படித்து வேலிக்கு உள்ளே ஒரு கம்பெனியில் பணிநிரந்தரம் ஆனவன். போன வருடம் கல்யாணம் ஆயிற்று. பெற்றோர் வீட்டில் இருப்பது ஒரே அறை. இந்த ஊரிலேயே பிறந்தவனுக்கு இந்த ஊரில் வாடகைக்கு வீடு அகப்படவில்லை. இரண்டு இடத்தில் கேட்டார்கள். "குடும்பத்துக்கா? 9,000 கொடுத்தால் பார்க்கலாம்" என்று பதில். கடைசியில் ஊத்துக்கோட்டையில் வீடு பிடித்திருக்கிறான். மாநிலம் தாண்டிப் போய்க் குடியிருந்து, தினம் சொந்த ஊர் வழியாக வேலைக்குப் போகிறான். அவன் மனைவிக்கு அங்கே டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. இங்கேயும் 2025 ஆகஸ்ட் முதல் பெண்களுக்கு பஸ் இலவசம்தான். ஆனால் எல்லை தாண்டுகிற பஸ் எங்கள் சர்க்காரின் இலவசத்தில் சேராது. மாமியார் வீட்டுக்கு வர வேண்டுமானால் காசு கொடுத்துத்தான் வர வேண்டும். அது வேறு கதை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரசுரிப்பீர்களோ மாட்டீர்களோ. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற பையன்களிடம் எந்த வீட்டுக்காரரும் ஜாதி கேட்பதில்லை. கேட்டாலும் விளங்காது. எங்கள் காலனியிலிருந்து அதே கம்பெனியில், அதே சம்பளத்தில் வேலை பார்க்கிற பிள்ளை வந்து கேட்டால் "இப்பத்தான் விட்டோம்" என்பார்கள். டூலெட் போர்டு அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும். தொழிற்சாலை வந்து எதை மாற்றினாலும் இதை மாற்றவில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்பம் இருந்தபோது ஐந்து போர்ஷனுக்கு ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று போதும். ஷெட்களில் அதே டேங்க் காலை ஏழு மணிக்குக் காய்ந்துவிடும். போர் போட்டால் ஆழம் ஏறிக்கொண்டே போகிறது. சென்னைக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிற தெலுங்கு கங்கைக் கால்வாய் எங்கள் பக்கமாகத்தான் போகிறது. நாங்கள் டேங்கர் வாங்குகிறோம். செப்டிக் டேங்க் நிலைமை இதைவிட மோசம். எட்டுப் பேருக்காகத் தோண்டிய குழியை அறுபது பேர் பயன்படுத்தினால் என்ன ஆகும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாரி வந்து உறிஞ்சுகிறது. அது எங்கே போய்க் கொட்டுகிறது என்று ஏரிக்கு வாய்க்கால் வருகிற பக்கம் மாடு மேய்க்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மின்சாரமும் அப்படித்தான். மொத்த ஷெட்டுக்கும் ஒரே மீட்டர். வீட்டு மின்கட்டணம் யூனிட் ஏற ஏற விலையும் ஏறுவது. பதினாறு அறையும் ஒரே மீட்டரில் ஓடினால் எல்லோர் தலையிலும் உச்ச விலைதான் விழும். சில வீட்டுக்காரர்கள் அதற்கும் மேலே வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று தனியாக வசூலிக்கிறார்கள். அறைக்குள் ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட், எட்டு செல்போன் சார்ஜர். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த பிள்ளை சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் சித்திரை வெயிலில் மத்தியானம் தூங்குகிறது. தூங்குவதாகப் பெயர்.

சமையலறை இல்லையென்றால் சமைக்கவே மாட்டார்களா? சமைக்கிறார்கள். படுக்கிற இடத்திலேயே ஐந்து கிலோ சிலிண்டர் வைத்துக்கொண்டு சமைக்கிறார்கள். முறையான சின்ன சிலிண்டர் அடையாள அட்டை காட்டினாலே கிடைக்கும், முகவரிச் சான்று வேண்டியதில்லை. அது தெரியாததாலோ, கையில் மொத்தமாகப் பணம் இல்லாததாலோ, கடைத்தெருவில் கிலோ கணக்கில் பெரிய சிலிண்டரிலிருந்து இறக்கித் தருகிறார்களே, அதை வாங்கி வருகிறார்கள். ஒரு பக்கம் அடுப்பு, அதை ஒட்டியே பாய், ஒரே கதவு, ஜன்னலுக்கு அட்டை. இது எனக்கு ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம்.

இத்தனைக்கும் காகிதம் எதுவும் கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் போகிற வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டம் சொல்வதால், ஊர் உலகமெல்லாம் பதினோரு மாதத்துக்கு எழுதிக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தப் பதினோரு மாதக் காகிதமும் இல்லை. இருப்பது காண்ட்ராக்டரின் நோட்டுப் புத்தகம் ஒன்று, என் நோட்டுப் புத்தகம் ஒன்று. குடியிருக்கிற பையனின் பெயர் இரண்டிலும் இருக்காது. போலீஸ் சொன்னால் ஆதார் ஜெராக்ஸ் வாங்கி வைப்போம், அவ்வளவுதான். வங்கிக் கணக்கு, ரேஷன், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அவன் முகவரி ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூனில் மாதிரி வாடகைச் சட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. எழுத்தில் ஒப்பந்தம், வீட்டுக்கு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது, தகராறு வந்தால் போய் நிற்க ஓர் அதிகாரி என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல சட்டம்தான். எங்கள் சந்து வரைக்கும் அது இன்னும் நடந்து வந்து சேரவில்லை.

காகிதம் இல்லாததால் கஷ்டம் அவர்களுக்கு மட்டும்தான் என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். 2020-ஐ அதற்குள் மறந்துவிட்டார்கள். ஊரடங்கு வந்ததும் மொத்த லைனையும் எடுத்திருந்த காண்ட்ராக்டர்கள் போனை அணைத்துவிட்டார்கள். பையன்கள் கையில் காசில்லாமல் கொஞ்ச நாள் கிடந்துவிட்டு, ஹைவேயில் வடக்கே நடக்கிற கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். ஊரில் பெரிய பெரிய லைன்கள் ஒரே வாரத்தில் காலி. அட்வான்ஸ் என்று கையில் எதுவும் இல்லை, கேஸ் போட ஒப்பந்தமும் இல்லை, சீட்டுக்காரர் மட்டும் தேதி தவறாமல் வந்தார். நகையை மூழ்கவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். என் லைனில் இருந்த ஸ்ரீகாகுளம் குடும்பம் எங்கேயும் போகவில்லை. பாதி வாடகை கொடுத்தார்கள், மீதியை வேலை திறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்தார்கள். பிள்ளைகள் படிப்பு இங்கே, சாமான் இங்கே, அவர்கள் எங்கே போவார்கள்? பத்தாயிரத்தையும் நாலாயிரத்து ஐந்நூறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் அந்த மாதங்களையும் சேர்த்துப் போட வேண்டும்.

இப்போது மறுபடியும் காய்ச்சல் ஏறியிருக்கிறது. 2025 மே மாதம் எல்ஜி கம்பெனியின் தொழிற்சாலைக்கு ஸ்ரீசிட்டியில் அடிக்கல் நாட்டினார்கள். 5,000 கோடி ரூபாய் முதலீடு என்று செய்தி வந்த மறுநாளே எங்கள் ஊரில் காலி மனைகளுக்கு விலை வேறாகிவிட்டது. சென்னை நம்பர் கார்கள் வந்து நிற்கின்றன. வேர்க்கடலை போட்ட நிலத்தில் வண்ணக் கல் நட்டிருக்கிறார்கள். விற்றவர்கள் அந்தப் பணத்தில் ஷெட் கட்டுகிறார்கள். ஐந்து சென்ட் வாங்கி ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த எண்ணமே விட்டுப்போய்விட்டது.

சர்க்கார் வீடு இருக்கிறதே என்பீர்கள். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கிராமத்துக்கு ஒன்றிய அரசின் கணக்கு 1,20,000 ரூபாய். எல்லைக்கு அந்தப் பக்கம் கலைஞரின் கனவு இல்லத்துக்கு 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கம் முந்தைய ஆட்சியில் கிராமத்தில் ஒன்றரை சென்ட் மனை கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் கணக்கில் 1,20,000 ரூபாய் லிண்டல் மட்டத்தைத் தாண்டாது. மேலே காங்கிரீட் போட மறுபடியும் நகைக்கடன்தான். அப்படிக் கட்டி முடித்த வீட்டையும் காண்ட்ராக்டருக்கு விட்டுவிட்டு, கொல்லைப்புறத்தில் ஓலைச் சார்ப்பில் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கடனை அடைத்ததும் உள்ளே போவோம் என்கிறார்கள்.

ஊரில் சிலர் இதற்கு வேறு வைத்தியம் சொல்கிறார்கள். வடக்கத்திப் பையன்களுக்கு வீடு விடவே கூடாதாம். இதை ஒத்துக்கொள்ள முடியாது. அந்தப் பிள்ளைகள் செய்த தப்பு என்ன? ஊரிலேயே மிக மோசமான இடத்துக்கு ஊரிலேயே மிக அதிக வாடகை கொடுக்கிறவர்கள் அவர்கள்தான். எட்டுப் பேரில் ஒருவன் குடித்துவிட்டுச் சத்தம் போட்டால் அது ஊர்ப் பஞ்சாயத்து. எங்கள் ஆட்கள் எட்டுப் பேரில் ஆறு பேர் போடுகிற சத்தத்துக்கு யாரும் பஞ்சாயத்து வைத்ததில்லை. தவிர, அவர்கள் சம்பளத்தை நம்பி எத்தனை டிபன் கடை, எத்தனை செல்போன் ரீசார்ஜ் கடை பிழைக்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஆளை அழைத்து வந்தவர்கள் ஆளுக்கு இடம் கொடுக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான். இது என் சொந்தச் சரக்கும் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளருக்குத் தகுந்த குடியிருப்பு கொடுப்பது ஒப்பந்தக்காரரின் கடமை என்று 1979-ஆம் வருடச் சட்டமே சொன்னது. காண்ட்ராக்டர் அந்தக் கடமையைத் தலைக்கு 1,300 ரூபாய்க்கு எங்கள் சமையலறைக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டார். எட்டுப் பேர் தங்க ஒழுங்கான விடுதி வேறு, ஒரு குடும்பம் வாழ வீடு வேறு. விடுதிக்கு உண்டான செலவை யாரும் செய்யாததால், வீடு விடுதியாகிக்கொண்டிருக்கிறது.

செய்ய முடியாத காரியமும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் தமிழ்நாடு சிப்காட் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குகிற மாதிரி விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. சும்மா திறந்துவிடவில்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் விடுதியில் சாப்பிட்ட பெண்களுக்கு உடம்புக்கு முடியாமல் போய், அவர்கள் சென்னை பெங்களூர் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்ததை உங்கள் நாளிதழில்தான் படித்தேன். அதற்குப் பிறகுதான் விடுதி பற்றி எல்லோருக்கும் ஞானம் வந்தது. எங்கள் பக்கமும் அப்படி ஏதாவது நடந்த பிறகுதான் விடியுமா? ஸ்ரீசிட்டிக்கு உள்ளே இருக்கிற இடம் போதவில்லை என்பதற்கு எங்கள் சந்துக் கொடிக்கயிறுகளே சாட்சி. புதிதாக வருகிற கம்பெனிக்கு நிலம், தண்ணீர், மின்சாரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு எழுதுகிறார்களே, எத்தனை ஆட்கள், அவர்கள் எங்கே படுப்பார்கள் என்றும் ஒரு வரி சேர்த்துக் கேட்டால் என்ன?

பஞ்சாயத்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் கிராம சச்சிவாலயம் என்கிற அரசு அலுவலகம் இருக்கிறது. எந்த வீட்டில் யாருக்கு பென்ஷன் போகிறது என்று விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். எந்த ஷெட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொள்வது அவர்களுக்கு ஒரு வாரத்து வேலை. எண்ணி முடித்தால் இத்தனை பேருக்கு இத்தனை கக்கூஸ், இந்த அளவு செப்டிக் டேங்க் இல்லாமல் வீட்டு எண் கிடையாது என்று சொல்லலாம். ஷெட்டுக்குக் கடை வரி போடலாம், குடும்பத்துக்கு விடுகிற வீட்டுக்கு வரியைக் குறைக்கலாம். இந்த ஒன்றைச் செய்தாலே சில சமையல் மேடைகள் தப்பிக்கும். ஒரே பக்கத்தில் வாடகைக் காகிதம் ஒன்றை தெலுங்கிலும் தமிழிலும் இந்தியிலும் அச்சடித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சச்சிவாலயத்தில் முத்திரை வைத்துக் கொடுத்தால் பையனுக்கு முகவரி கிடைக்கும், எனக்கும் பாதுகாப்பு. இதை நான் நேரில் போய்ச் சொன்னேன். "நல்ல யோசனை, அம்மா" என்றார்கள். நல்ல யோசனை என்று சொல்லிவிட்டால் அந்த மனு அத்தோடு முடிந்தது என்பது ஆபீஸ் வழக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

உங்கள் நிருபரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்புங்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரைக் கேட்டாலும் ஷெட் எங்கே என்று காட்டுவார்கள். வீட்டுக்காரர்களை அப்புறம் பார்க்கலாம், முதலில் பையன்களிடம் பேசச் சொல்லுங்கள். இந்தி தெரிந்தவராக இருந்தால் நல்லது.

கடைசியாக ஒரு சொந்த விஷயம். விளம்பரம் என்று வெட்டிவிடாதீர்கள். என் லைனில் இரண்டு போர்ஷன் தை மாதம் காலியாகிறது. காண்ட்ராக்டர்கள் வாசல் வரைக்கும் வந்து போய்விட்டார்கள். குடும்பத்துக்குத்தான் விடப்போகிறேன். வாடகை 4,500, அட்வான்ஸ் இரண்டு மாதம், தனி மீட்டர், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். எந்த ஊர், என்ன ஜாதி, எந்த பாஷை என்ற கேள்வி இல்லை. சமையல் மேடையில் கல் அப்படியே இருக்கிறது. யாராவது விசாரித்துத் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் என் முகவரியைக் கொடுங்கள். பேப்பரில் மட்டும் பெயர் போட வேண்டாம், நான் இந்தத் தெருவிலேயே இருக்க வேண்டியவள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்தியவேடு மண்டலம், திருப்பதி மாவட்டம்.